லோனர் கார்: எத்தனை மைல், எந்த எல்லை வரை?

காரை டீலர்ஷிப்பில் சர்வீசுக்கு விடும்போது செலவு மதிப்பீட்டை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று போன அத்தியாயத்தில் பார்த்தோம். வேலை அன்றே முடியாவிட்டால் ஆபீசுக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் எதில் போவது என்பது அடுத்த கவலை. லெக்சஸ், பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ், வால்வோ போன்ற சொகுசு பிராண்டுகளின் டீலர்கள், நம் கார் தயாராகும் வரை ஓட்டிக்கொள்ள, பெரும்பாலும் தற்காலிகமாக ஒரு லோனர் கார் கொடுத்துவிடுவார்கள். டொயோட்டா, ஹோண்டா, ஹூண்டாய் டீலர்களிடம் இது ஊருக்கு ஊர் மாறும். சிலர் லோனர் தருவார்கள். சிலர் ஷட்டில் வேனில் வீடு வரை கொண்டுவிடுவார்கள். சிலர் ஊபர் செலவை ஏற்றுக்கொள்வார்கள். சிலர் பக்கத்து ரென்டல் கவுன்டருக்கு அனுப்பிவைப்பார்கள்.

லோனர் கிடைத்துவிட்டால் மனம் கொஞ்சம் துள்ளத்தான் செய்யும். புது மாடல், பளபளக்கும் திரை, நம்முடையதை விட ஒரு படி மேலான வசதிகள். வாரக்கடைசியும் சேர்ந்துகொண்டால் கோயிலுக்கோ வெளியூர் நண்பர் வீட்டுக்கோ இதிலேயே போய்வந்தால் என்ன என்று வீட்டில் பேச்சு எழும். அந்தப் பேச்சு எழுவதற்கு முன்பே படித்து வைத்துக்கொள்ள வேண்டிய அத்தியாயம் இது.

ஒருவர் லோனரை ஒரு நாளைக்கு இத்தனை மைல்தான் ஓட்டலாம் என்று அமெரிக்காவில் ஃபெடரல் சட்டம் ஏதும் இல்லை. கார் கம்பெனியும் வாடிக்கையாளருக்கென்று ஒரே பொதுக்கணக்கு வைத்திருப்பதில்லை. ஒரே பிராண்டின் இரண்டு டீலர்கள், அதே நெடுஞ்சாலையின் எதிரெதிர்ப் பக்கத்தில் இருந்தாலும், வேறு வேறு விதி வைத்திருக்கலாம். எனவே “என் நண்பர் போன மாதம் இதே பிராண்டு லோனரில் ஃப்ளோரிடா வரை போனார்” என்பது உங்களுக்கு எந்த வகையிலும் அனுமதி ஆகாது. எவ்வளவு தூரம் என்பதை இரண்டு தாள்கள் முடிவு செய்கின்றன. சாவி வாங்கும்போது நீங்கள் கையெழுத்திடும் லோனர் ஒப்பந்தம் ஒன்று. உங்கள் சொந்தக் காரின் இன்ஷூரன்ஸ் பாலிசி மற்றொன்று. முதலாவதைச் சிலராவது படிக்கிறார்கள். இரண்டாவதை அநேகமாக யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. பெரிய இழப்பு வருவது அங்கிருந்துதான்.

மைல் கணக்கும் மாநில எல்லையும்

ஒப்பந்தத்தில் முதலில் தேட வேண்டியது தினசரி மைல் வரம்பு. 50, 75, 100, 150 என்ற எண்களில் ஒன்று பெரும்பாலும் இருக்கும். அதைத் தாண்டினால் ஒவ்வொரு மைலுக்கும் 25 சென்ட், 50 சென்ட் என்று கட்டணம்; விலை உயர்ந்த கார்களுக்கு இன்னும் அதிகம். எண் எதுவும் எழுதப்படாமல் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் வரம்பே இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். “நியாயமான உள்ளூர் உபயோகத்துக்கு மட்டும்” என்ற பொருளில் ஒரு வரி வேறு பக்கத்தில் இருக்கலாம். காலிக் கட்டத்தைச் சர்வீஸ் அட்வைசரிடம் காட்டி, எண்ணை எழுதச் சொல்லி வாங்குங்கள்.

அடுத்தது, நாளை எப்படி எண்ணுகிறார்கள் என்பது. வெள்ளிக்கிழமை காலை எடுத்துத் திங்கள் காலை திருப்பினால் 24 மணி நேரக் கணக்கில் மூன்று நாள். காலண்டர் கணக்கில் நான்கு நாள். 100 மைல் வரம்பு என்றால் ஒன்றில் 300 மைல் கிடைக்கும், மற்றதில் 400. ஒவ்வொரு நாளின் மைலும் தனித்தனியா, அல்லது எல்லா நாளையும் கூட்டிக் கடைசியில் பார்ப்பார்களா என்பதையும் கேளுங்கள். சாவி கொடுத்த அன்றும் திருப்பிய அன்றும் ஓடோமீட்டர் காட்டிய எண்ணை மட்டுமே பார்க்கும் இடங்களில் கூட்டுக்கணக்குதான் நடக்கும். அப்படியென்றால் இரண்டு நாள் வீட்டில் நிறுத்திவிட்டு மூன்றாம் நாள் நீண்ட தூரம் போகலாம்.

டல்லாஸ் பக்கத்து ப்ளேனோவில் வசிக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வாரக்கடைசியில் ஹூஸ்டனுக்குத் தெற்கே பேர்லண்டில் இருக்கும் மீனாட்சி கோயிலுக்குப் போக ஆசை. போக வர ஏறக்குறைய 550 மைல். டெக்சஸ் எல்லையைத் தாண்டவே இல்லை, ஆனால் மைல் வரம்பு எங்கோ நடுவழியிலேயே தீர்ந்துபோகும். 300 மைல் அனுமதி, மைலுக்கு 50 சென்ட் என்றால் மீதி 250 மைலுக்கு 125 டாலர் பில் வரும். நியூ ஜெர்சியில் இருப்பவருக்குக் கதை தலைகீழ். எடிசனிலிருந்து க்வீன்ஸின் ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் ஏறக்குறைய 45 மைல்தான். போய்த் திரும்பினாலும் 100 மைல் ஆகாது. ஆனால் நியூ யார்க் மாநிலத்துக்குள் நுழைந்தாகிவிட்டது. ஒப்பந்தத்தில் “மாநிலத்தை விட்டு வெளியே எடுத்துச் செல்லக் கூடாது” என்று இருந்தால், மைல் மிச்சம் இருந்தும் விதியை மீறியவர் ஆகிறார்.

இந்த இரண்டாவது எல்லையைத்தான் பலரும் கவனிப்பதில்லை. அது மூன்று விதமாக எழுதப்படும்: மாநிலத்துக்குள் மட்டும், மாநிலமும் அதை ஒட்டிய மாநிலங்களும், டீலர்ஷிப்பைச் சுற்றி இத்தனை மைல் வட்டம். மாநில எல்லையை ஒட்டி இருக்கும் டீலர்கள் தினமும் எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர்களைப் பார்த்துப் பழகியவர்கள். கேட்டால் பக்கத்து மாநிலத்தை ஒப்பந்தத்தில் சேர்த்துக் கொடுப்பார்கள். கேட்காவிட்டால் அச்சடித்த வாசகம் அப்படியே நிற்கும். எடிசனிலிருந்து மன்ஹாட்டனுக்குக் காரில் ஆபீஸ் போய்வந்தால் ஒரு நாளைக்குச் சுமார் 70 மைல் ஆகும். 75 மைல் வரம்புள்ள லோனர் அதற்கே சரியாக இருக்கும். மாலையில் பிள்ளையை நடன வகுப்புக்குக் கூட்டிப்போக மிச்சம் இருக்காது. தினசரி ஓட்டம் அதிகம் உள்ளவர்கள் சர்வீசுக்கு நாள் குறிக்கும்போதே, தொலைபேசியிலேயே, “என் தினசரி ஓட்டம் இவ்வளவு, உங்கள் லோனர் வரம்பு என்ன?” என்று கேட்டுவிட வேண்டும். காரை விட்ட பிறகு பேரம் பேச நம் கையில் ஒன்றும் இருக்காது.

நாள் வரம்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கார் தயார் என்று செய்தி வந்தபின் ஒரு நாளுக்குள் லோனரைத் திருப்ப வேண்டும், தாமதித்தால் தினவாடகை விழும் என்பது பொதுவான நடைமுறை. உதிரி பாகம் வராமல் வாரக்கணக்கில் இழுத்தால் டீலரே லோனரை இடையில் மாற்றிக் கொடுக்கலாம். அப்போது புது ஒப்பந்தம் வரும். அதையும் புதிதாகப் படியுங்கள்.

டீலர் ஏன் மைலை எண்ணுகிறார்

நிறைய பேர் இதை டீலரின் கஞ்சத்தனம் என்று நினைக்கிறார்கள். அது சரியல்ல. காரணம் புரிந்தால் எதைக் கேட்டால் கிடைக்கும், எதைக் கேட்டால் கிடைக்காது என்பதும் புரியும்.

லோனராக ஓடுபவை பெரும்பாலும் டீலரின் விற்பனைக் கார்களே. ஜெனரல் மோட்டார்ஸ் போன்ற கம்பெனிகள் இதற்கென்றே திட்டம் வைத்திருக்கின்றன. ஒரு புதுக்காரை டீலர் லோனர் கூட்டத்தில் சேர்த்துக் குறிப்பிட்ட காலம் ஓட்டினால் கம்பெனி அதற்கு உதவித்தொகை தரும். காலம் முடிந்ததும் அந்தக் காரை ‘சர்வீஸ் லோனர்’ என்றே விலை குறைத்து விற்பார்கள். சில ஆயிரம் மைல் ஓடிய இந்தக் கார்களுக்காகக் காத்திருந்து வாங்குகிறவர்கள் நம்மவர்களிலும் உண்டு. கார் வாங்கும் அத்தியாயத்தில் அதைத் தனியாகச் சொல்கிறேன். அடுத்து வாங்குபவருக்குப் போய்ச்சேர வேண்டிய வாரன்டியும் லோனராகச் சாலைக்கு வந்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். பிஎம்டபிள்யூவின் புதுக்கார் வாரன்டி 4 ஆண்டு அல்லது 50,000 மைல். நீங்கள் ஒரு வாரக்கடைசியில் ஓட்டும் 1,000 மைல் அந்த 50,000த்திலிருந்து கழியும், விற்கும் விலையிலும் குறையும்.

ஒரு மைல் என்பது எவ்வளவு பணம்? சொந்தக் காரைத் தொழிலுக்கு ஓட்டினால் வருமான வரியில் கழித்துக்கொள்ள ஐஆர்எஸ் 2025ஆம் ஆண்டுக்கு வைத்த கணக்கு மைலுக்கு 70 சென்ட். எரிபொருள், தேய்மானம், காப்பீடு எல்லாம் அதில் அடக்கம். லோனருக்குப் பெட்ரோல் போடுவது நாம்தான் என்றாலும் தேய்மானம் டீலருடையது. இந்தக் கணக்கோடு ஒப்பிட்டால் மைலுக்கு 25, 50 சென்ட் என்பது அநியாயக் கட்டணம் இல்லை. அதனால்தான், மைல் கூடுதலாக வேண்டும், காசு கட்டுகிறேன் என்று முன்கூட்டியே சொன்னால் பல அட்வைசர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். எல்லைக்கு அப்பால் போக அனுமதி கேட்டால்தான் தயங்குவார்கள். 400 மைல் தள்ளி கார் நின்றுபோனால் அதை இழுத்து வருவது யார் என்ற கவலை அவர்களுக்கு. அனுமதி இல்லாத இடத்தில் நின்றால் அந்தச் செலவு உங்கள் தலையில்தான்.

உங்கள் பாலிசியே லோனரின் பாலிசி

லோனர் இலவசம், டீலரின் கார், ஆகவே இன்ஷூரன்சும் டீலருடையது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஒப்பந்தத்தைப் படித்தால் வேறு கதை தெரியும். காருக்கு ஏற்படும் சேதம் எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு, என் சொந்த இன்ஷூரன்சே அதைக் கொடுக்கும் என்று நீங்கள் அங்கே கையெழுத்திடுகிறீர்கள். லோனர் கொடுக்குமுன் இன்ஷூரன்ஸ் அட்டையைக் கேட்பது இதற்காகத்தான்.

அமெரிக்காவில் பெரும்பாலான தனிநபர் கார் பாலிசிகள் ஒரே வகையான அடிப்படை வாசகத்தில் எழுதப்பட்டவை. உங்கள் கார் பழுதாலோ சர்வீசாலோ ஓடாமல் இருக்கும்போது அதற்குப் பதிலாகத் தற்காலிகமாக ஓட்டும் கார் உங்கள் சொந்தக் கார் போலவே கருதப்படும் என்று அதில் இருக்கும். எனவே உங்கள் பாலிசியில் எது இருக்கிறதோ அது லோனருக்கும் உண்டு. எது இல்லையோ அது லோனருக்கும் இல்லை. இந்த ஒரு விஷயத்தை இரண்டு முறை படியுங்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

பத்து வருடம் ஓடிய பழைய காருக்கு எதற்கு முழுக் காப்பீடு என்று, சொந்தக் காரின் சேதத்துக்கான கொலிஷன், காம்ப்ரிஹென்சிவ் இரண்டையும் எடுத்துவிட்டு லயபிலிட்டி மட்டும் வைத்திருக்கும் குடும்பங்கள் ஏராளம். அந்தப் பழைய காருக்கு அது சரியான முடிவாகவே இருக்கலாம். ஆனால் அதே பாலிசியோடு 60,000 டாலர் லோனரில் ஏறினால் நிலைமை மாறிவிடுகிறது. லயபிலிட்டி என்பது நீங்கள் மற்றவருக்குச் செய்யும் சேதத்துக்கு. உங்கள் பொறுப்பில் இருக்கும் லோனரின் சேதத்தை அது பொதுவாகத் தராது. மோதினால் முழுத்தொகையும் உங்கள் பையிலிருந்து போகும். இப்படிப்பட்டவர்கள் ஒரு வாரம் முன்பே இன்ஷூரன்ஸ் ஏஜென்டை அழைத்துக் கொலிஷன் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். டீலர் தனியாகச் சேதக் காப்பீடு விற்கிறாரா என்று பாருங்கள். இரண்டும் முடியாவிட்டால் ஷட்டில் வேனில் போவதே மேல். நெடும்பயணம் என்ற பேச்சே வேண்டாம்.

முழுக் காப்பீடு உள்ளவர்களுக்கும் ஓட்டைகள் உண்டு. டிடக்டிபிள் 1,000 டாலர் என்றால் முதல் ஆயிரம் உங்களுடையது. கார் பட்டறையில் கிடக்கும் நாட்களுக்கான வருமான இழப்பையும், விபத்துக்குள்ளான கார் என்பதால் குறையும் விற்பனை மதிப்பையும் ஒப்பந்தம் உங்களிடம் கேட்கலாம். இவற்றைப் பாலிசி தருமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கிரெடிட் கார்டு தரும் ரென்டல் காப்பீடு இங்கே உதவும் என்று நம்பியிராதீர்கள். அது பொதுவாக வாடகை முழுவதையும் அந்தக் கார்டில் கட்டினால்தான் செல்லும். லோனருக்கு நாம் வாடகையே கட்டுவதில்லை.

தூரத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், ஒப்பந்த எல்லைக்கு வெளியே விபத்து நடந்தால் டீலரின் பக்கத்திலிருந்து ஏதேனும் காப்பீடு வருவதாக இருந்தாலும் அது விலகிக்கொள்ள வழி ஏற்படுகிறது. ஓட்டுநர் விஷயமும் அப்படியே. ஒப்பந்தத்தில் உங்கள் பெயர் மட்டும் இருந்தால் மனைவியோ கணவரோ ஓட்டக் கூடாது. நெடும்பயணத்தில் மாறி மாறி ஓட்டுவது நம் வழக்கம். எனவே அவர் பெயரையும் லைசென்சையும் காட்டி எழுதிக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமா இந்திய லைசென்சோடு நெடுஞ்சாலையில் சிறிது தூரம் ஓட்டிப் பார்க்கட்டும் என்பதை இந்தக் காரில் செய்ய வேண்டாம். பல டீலர்கள் 21 அல்லது 25 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு லோனர் தருவதில்லை. கல்லூரி போகும் பிள்ளையிடம் சாவியைக் கொடுக்குமுன் அதையும் பாருங்கள். ஊபர், டோர்டேஷ் ஓட்டுவது பொதுவாகத் தடை.

கனடா, மெக்சிகோ, பனிமலை

டொரோன்டோவின் ஸ்கார்பரோவில் உறவினர் இல்லாத ஈழத்தமிழ்க் குடும்பம் அமெரிக்காவின் வடகிழக்கில் அபூர்வம். எடிசனிலிருந்து ஏறக்குறைய 500 மைல். டெட்ராய்ட்டிலிருந்து அதில் பாதிக்கும் குறைவு. கல்யாணம், பூப்புனித நீராட்டு விழா, எட்டுச் செலவு என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும்; சர்வீஸ் நாள் அதைப் பார்த்து அமைவதில்லை.

அமெரிக்கக் கார் பாலிசிகள் பொதுவாகக் கனடாவிலும் செல்லும். ஆகவே காப்பீடு இருக்கிறதே என்று தைரியம் வரும். ஆனால் லோனர் ஒப்பந்தங்களில் நாட்டை விட்டு எடுத்துச் செல்லத் தடை இருப்பதே வழக்கம். எல்லைச் சாவடியில் அதிகாரி காரின் பதிவுத்தாளைக் கேட்டால் அதில் டீலர்ஷிப்பின் பெயர் இருக்கும். உங்களிடம் ஏன் இந்தக் கார் என்பதற்கு உரிமையாளர் கொடுத்த கடிதம் வேண்டும். டீலர் எழுத்தில் அனுமதி தந்து, காரைக் கனடாவுக்குள் கொண்டு போகலாம் என்ற கடிதமும் தந்து, உங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் கனடாவுக்கான காப்பீட்டு அட்டையும் வாங்கிக்கொண்டால் மட்டும் போகலாம். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேறு காரில் போவதே நல்லது. விசாவில் இருப்பவர்களுக்கு எல்லையில் காட்ட வேண்டிய தாள்கள் ஏற்கெனவே நிறைய. அதோடு பிறர் பெயரில் உள்ள காரையும் சேர்த்து விளக்கிக்கொண்டு நிற்க வேண்டாம்.

மெக்சிகோ விஷயத்தில் யோசனைக்கே இடமில்லை. அமெரிக்கப் பாலிசிகள் பொதுவாக அங்கே செல்லாது. அந்நாட்டுச் சட்டப்படி மெக்சிகோ காப்பீடு தனியாக வேண்டும். எல்லைப் பகுதியைத் தாண்டி உள்ளே போனால் காருக்குத் தற்காலிக இறக்குமதி அனுமதியும் எடுக்க வேண்டும். அதற்கு உரிமைப் பத்திரமோ உரிமையாளரின் ஒப்புதலோ தேவை. சான் டியேகோ, எல் பாசோ பக்கம் இருப்பவர்கள் லோனரில் எல்லை தாண்ட வேண்டாம்.

நாட்டுக்குள்ளேயே கவனிக்க வேண்டிய இடம் பனிமலை. ஃப்ரீமான்ட், சான் ஹோசேயிலிருந்து டாஹோ ஏரிக்கு ஏறக்குறைய 200 மைல். குளிர்காலத்தில் வழியில் கலிஃபோர்னியா மாநிலப் போக்குவரத்துத் துறையான கால்ட்ரான்ஸ், டயருக்குச் சங்கிலி மாட்டச் சொல்லும் கட்டுப்பாடு போடும். ஆர்-2 நிலை வந்தால் நான்கு சக்கர இயக்கமும் நான்கிலும் பனி டயரும் உள்ள வண்டி தவிர மற்றவை சங்கிலி மாட்டியே ஆக வேண்டும். விலக்கு பெற்ற வண்டியும் சங்கிலியை உள்ளே வைத்திருக்க வேண்டும். சொகுசு லோனர்கள் சிலவற்றில் இருப்பது கோடை டயர். குளிரில் அது பிடிமானம் இழக்கும். சங்கிலி மாட்டினால் சக்கர வளைவும் பெயின்ட்டும் கீறிப்போகும் என்பதால் ஒப்பந்தமே அதைத் தடுக்கலாம். சாலை விதி மாட்டு என்கிறது, ஒப்பந்தம் மாட்டாதே என்கிறது. இந்த இக்கட்டில் மலையடிவாரத்தில் பிள்ளைகளோடு நிற்க வேண்டாம். மண் சாலைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். டெத் வேலி, யூட்டா பாலைவனப் பகுதிகளில் பார்க்க வேண்டிய இடங்கள் பல, தார் போடாத சாலையில்தான் இருக்கின்றன.

அவர்களுக்குத் தெரியவா போகிறது?

தெரியும். இன்றைய கார்கள் தாங்களே தங்கள் மைலையும் எரிபொருள் அளவையும் இருப்பிடத்தையும் அனுப்புகின்றன. டீலர்வேர், டிஎஸ்டி போன்ற லோனர் மேலாண்மை மென்பொருள்கள் ஒப்பந்தம், லைசென்ஸ், மைல், டோல் எல்லாவற்றையும் ஒரே திரையில் வைக்கின்றன. தெரியாது என்ற நம்பிக்கையில் எந்தப் பயணத்தையும் திட்டமிடாதீர்கள்.

அதே சமயம், கண்காணித்தார்கள் என்பதாலேயே எந்தத் தொகையும் கேட்டுவிட முடியாது. 2000ஆம் ஆண்டு கனெக்டிகட்டில் ஒரு ரென்டல் நிறுவனம், ஜிபிஎஸ் மூலம் வேகத்தைப் பார்த்து, வாடிக்கையாளர் ஒருவரிடம் மீறலுக்கு 150 டாலர் வீதம் மூன்று முறை பிடித்துக்கொண்டது. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. 2005இல் நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. உண்மையான இழப்புக்குச் சம்பந்தமில்லாத தண்டத்தொகை அது என்பது முக்கியக் காரணம். அது ரென்டல் வழக்கு, ஒரு மாநிலத்தின் தீர்ப்பு. ஆனாலும் ஒப்பந்தத்தில் இல்லாத தொகையோ, மைல் கணக்கோடு பொருந்தாத தொகையோ பில்லில் வந்தால், எந்த விதியின்படி என்று எழுத்தில் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் கேட்காமல் விடாதீர்கள். பதில் சரியில்லை என்றால் டீலர்ஷிப்பின் சர்வீஸ் மேனேஜர், அதன்பின் கார் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை, அதன்பின் மாநில நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகம் என்று மேலே போகலாம்.

நெடும்பயணம் இருந்தால்

சிறந்த வழி, பயணத்துக்கு முந்தைய வாரம் சர்வீசுக்கு விடாமல் இருப்பது. ஆயில் மாற்றுவதும் பிரேக் பார்ப்பதும் ஒரு வாரம் தள்ளிப்போனால் பெரும்பாலும் குடிமுழுகாது. ஆபத்தான பழுது, ரீகால் என்றால் தள்ளக்கூடாது.

தள்ள முடியாவிட்டால், அட்வைசருக்கு ஒரு குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ அனுப்புங்கள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்த ஊர், போக வர எத்தனை மைல், யார் யார் ஓட்டுவார்கள் என்று நான்கே விவரம். அதற்கு அவர் சரி என்று எழுதும் பதில்தான் உங்கள் அனுமதிச்சீட்டு. கவுன்டரில் சிரித்த முகத்தோடு “அதெல்லாம் பரவாயில்லை, போய்வாருங்கள்” என்று சொன்னது பில் வரும் நாளில் நினைவிருக்காது. அந்த நபரே வேறு டீலருக்கு மாறிப்போயிருக்கவும் கூடும்.

அனுமதி கிடைக்காவிட்டால் வாரக்கடைசிக்கு மட்டும் ரென்டல் எடுங்கள். பெரிய ரென்டல் கம்பெனிகளில் பல கார்கள் மைல் வரம்பில்லாமல் கிடைக்கும். ஆனால் பயணம் போகும் மாநிலங்களை அங்கேயும் சொல்லிக் கேட்க வேண்டும். ப்ளேனோ குடும்பத்தின் 125 டாலர் கூடுதல் மைல் பில்லோடு ஒப்பிட்டால் செலவில் பெரிய வித்தியாசம் இல்லாமலே போகலாம். நிம்மதி கூடுதல். இன்னொன்று: டீலர்ஷிப் கவுன்டரிலேயே கொடுக்கப்பட்டாலும் சில கார்கள் உண்மையில் ரென்டல் கம்பெனியுடையவை. ஒப்பந்தத்தின் மேலே யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ரென்டல் கம்பெனி என்றால் மைல் விதி தளர்வாக இருக்கலாம், ஆனால் கார்டில் முன்பணம் பிடித்து வைப்பார்கள்.

சாவி வாங்கும்போதும் திருப்பும்போதும்

காரைச் சுற்றி வந்து மொபைலில் வீடியோ எடுங்கள். சக்கர விளிம்பு, முன்கண்ணாடி, பம்பரின் அடிப்பகுதி மூன்றையும் கிட்டத்தில் எடுங்கள். பிறகு என்ஜினைப் போட்டு ஓடோமீட்டரும் பெட்ரோல் அளவும் தெரியும்படி ஒரு படம். ஒப்பந்தத்தில் அவர்கள் எழுதிய மைலும் அதுவும் ஒன்றுதானா என்று அங்கேயே ஒப்பிடுங்கள். லோனர் முற்றத்தில் நின்ற பின்னும் ஊழியர்கள் ஓட்டியிருக்கலாம். பழைய எண்ணே தாளில் இருந்தால் அந்த மைலும் உங்கள் கணக்கில் ஏறும். மின்சாரக் கார் என்றால் பாட்டரி சதவீதத்தைக் குறித்துக்கொண்டு, எத்தனை சதவீதத்தோடு திருப்ப வேண்டும், வழியில் சார்ஜ் போட்ட கட்டணம் யாருக்கு என்றும் கேளுங்கள்.

உங்கள் காரிலிருந்து எடுத்துவர வேண்டியவை: குழந்தை இருக்கை, வீட்டு கராஜ் ரிமோட், டோல் டேக். ஈ-இசட்பாஸ், ஃபாஸ்ட்ராக், சன்பாஸ் கணக்குகளில் லோனரின் நம்பர் பிளேட்டைத் தற்காலிகமாகச் சேர்க்க முடியும். சேர்க்காமல் டோல் ரோட்டில் போனால் பில் டீலருக்குப் போய், அவருடைய நிர்வாகக் கட்டணமும் சேர்ந்து உங்களிடம் வரும். நீண்ட பயணத்தில் இந்தக் கட்டணம் டோலை விட அதிகமாகிவிடுவதும் உண்டு.

திருப்பும்போது டீலர்ஷிப்புக்குப் பக்கத்து பெட்ரோல் பங்கில் நிரப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி அதே வீடியோ, அதே ஓடோமீட்டர் படம். மொபைலைக் காரின் ப்ளூடூத்திலிருந்து நீக்கி, நாவிகேஷனில் போட்ட வீட்டு முகவரியை அழியுங்கள். ஊழியர் யாராவது சுற்றிப் பார்த்து, சேதமில்லை, மைல் இவ்வளவு என்று ஒப்பந்தத்தை மூடிக் கையெழுத்திட்ட பிரதியைக் கேட்டு வாங்குங்கள். இரவில் சாவிப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகச் சொன்னால், மறுநாள் காலை அவர்கள் பார்க்கும் வரை கார் உங்கள் பொறுப்பில்தான் இருக்கிறது என்று பல ஒப்பந்தங்கள் சொல்கின்றன. முடிந்தவரை ஆள் இருக்கும் நேரத்தில் திருப்புங்கள்.

வீட்டுக்கு வந்த அன்றே டோல் கணக்கைத் திறந்து லோனரின் நம்பரை நீக்கிவிடுங்கள். நீக்கவில்லை என்றால் அடுத்த வாரம் அந்தக் காரை எடுப்பவர் கடக்கும் டோலெல்லாம் உங்கள் கணக்கிலிருந்து போகும், அதைத் திரும்ப வாங்க ஒப்பந்தப் பிரதியில் இருக்கும் திருப்பிய தேதியையும் நேரத்தையும் காட்டி டோல் அலுவலகத்துக்கு எழுத வேண்டியிருக்கும்.